ஆவணி வெயிலில் மகால் முற்றம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது காலை ஏழே முக்கால். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபது ரூபாய். ஆவணி மாதம். வெயில் தெருவுக்குள் இன்னும் இறங்கவில்லை, மேற்குப் பக்கத்துக் கட்டடங்களின் மொட்டைமாடிச் சுவரில் மட்டும் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. ஃபிளாஷ், விளக்கு எதுவும் இல்லாமல் இடத்தில் இருக்கிற வெளிச்சத்தை மட்டும் நம்பிப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சொல்லித்தர ஒப்புக்கொண்டவர், இந்த ஊரில் பல வருடம் ஸ்டுடியோ நடத்திக் கடையை மூடிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கும் பெரியவர். "ஃபிளாஷை வீட்டுலயே வச்சிட்டு வாங்க தம்பி. பையில கெடந்தா கை தானா அதுக்குத்தான் போகும்" என்று முந்தைய நாளே போனில் சொல்லியிருந்தார்.

எனக்கு முன்பே வந்து விளக்குத்தூணின் அடியில் நின்றிருந்தார். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய இரும்புத் தூண் அது. அவர் கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே மடித்த வெள்ளை வேட்டி ஒன்று, ஒரு குறிப்பு நோட்டு, பழைய கையடக்க லைட் மீட்டர். கேமரா கொண்டுவரவில்லை. என்னிடம் இருந்தது ஒரு கேமரா உடம்பும், செகண்ட் ஹேண்டில் ஆறாயிரத்துக்கு வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸும். எஃப் 1.8 வரை திறக்கும். புதிதாக வாங்கினாலும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்ய இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

டீ பன்னிரண்டு ரூபாய். குடித்து முடிக்கும்வரை பெரியவர் லென்ஸ் மூடியைக் கழற்ற விடவில்லை. "டீ ஆத்துறவரைப் பாருங்க. முகத்தைப் பாக்காதீங்க, முகத்துல விழுறதைப் பாருங்க." பார்த்தேன். கிழக்கே தெருமுனையில் வானம் திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக் கன்னம் வெளுத்து, மூக்குத் தண்டுக்கு இந்தப் பக்கம் மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. பாய்லரின் பித்தளையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தாடைக்கு அடியில் ஒரு கோடு போட்டிருந்தது. கடைக்குள் எரிந்த எல்.இ.டி. குழல்விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை, பனியன் தோளில் மட்டும் நீலமாக விழுந்தது.

ஆள் கிடைக்காத இடத்தில் வெளிச்சத்தைப் படிக்க அவர் காட்டிய வழியைப் பிறகு நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தேன். கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். விரல் கணுக்களுக்கு நடுவில் விழும் நிழல் எந்தப் பக்கம் திரும்பினால் கறுக்கிறது, எந்தப் பக்கம் கரைகிறது என்று பார்த்தால் போதும். அங்கே ஒரு முகம் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பது ஆள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். தெருவில் நின்று இப்படிச் சுற்றினால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

விளக்குத்தூணிலிருந்து திருமலை நாயக்கர் மகால் பக்கம் போகும் வழியில்தான் பத்துத்தூண் சந்து. அந்த அரண்மனையின் மிச்சமாகப் பத்துப் பெரிய தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. சந்து ஒடுக்கம். தூணை முழுதாகப் பார்க்கக் கழுத்தை நன்றாக மடக்க வேண்டும். அடிப்பக்கத்தில் மூட்டை சாத்தியிருக்கிறது, சைக்கிள் சாய்ந்திருக்கிறது, ஒரு தூணில் கயிறு கட்டி நைட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எட்டரைக்குக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்து, புடவைகளை வாசலுக்கு வெளியே மாட்டத் தொடங்கினார்கள்.

பெரியவர் வேட்டியை விரித்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "இதைப் பிடிச்சிக்கிட்டே நடங்க. என்ன கலர்னு சொல்லிக்கிட்டே வாங்க." வெள்ளைதான், வேறென்ன சொல்வது. நாலு எட்டு நடந்ததும் அப்படியே நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொன்னார். அரக்குச் சிவப்புப் புடவை வரிசைக்கு எதிரில் நின்றிருந்தேன். திரையில் வேட்டி ரோஸ் நிறம். இன்னும் கொஞ்சம் தள்ளி நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று. அது நீலம். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை நிறுத்தி, வெயிலுக்கான அளவில் பூட்டி வைத்திருந்ததால் வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு இரண்டு இடத்திலும் அது ஒரே வெள்ளை வேட்டி. துணி வெள்ளை என்று மூளைக்குத் தெரியும், அதனால் வெள்ளையாகவே காட்டிக்கொண்டிருந்தது.

கடை வாசலில் நின்ற பையன் ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அனுமதி கேட்டு அவனைச் சிவப்புப் புடவைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒன்று, இரண்டடி நகர்த்தி மேலே வானம் தெரியும் இடைவெளியில் ஒன்று எடுத்தேன். முதல் படத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்ததுபோல் கன்னம் சிவந்திருந்தது. இரண்டாவதில் அவன் நிறம் அவனிடமே இருந்தது. மாற்றியது ஒன்றுமில்லை, இரண்டடி தூரம்தான்.

அங்கிருந்து மகாலுக்கு ஐந்தாறு நிமிட நடை. 1636-ல் கட்டி முடித்தது என்று சொல்லப்படும் அரண்மனை. இப்போது நாம் பார்ப்பது அதன் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். அதன்பிறகு நீண்ட காலம் மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது. ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, கேமராவுக்குத் தனியாக ஒரு சீட்டு.

கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால் முதலில் ஒரு வளைவின் இருட்டு, பிறகு சட்டென்று முற்றம். சுற்றிலும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் வெளிர் மஞ்சள் தூண்கள், அவற்றின் மேல் இலை இலையாக மடிந்த சுதை வளைவுகள். செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கட்டுமானம். கிளிஞ்சல் சுண்ணாம்பை மெழுகி மெருகேற்றிய பழைய பூச்சு சில இடங்களில் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது. கை எட்டும் உயரம்வரை காதலர்கள் பெயர் கீறி வைத்திருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. புறாக்கள் வளைவுகளின் இடுக்கில் குனுகிக்கொண்டிருந்தன. மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடக்கும் முற்றம் இது, அதற்கான நாற்காலிகள் ஒரு பக்கம் கிடந்தன. வண்ண விளக்குகளில் இந்தத் தூண்கள் பச்சையும் ஊதாவுமாக மாறுவதைப் பலர் படமெடுத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது பகல்.

"முற்றத்துல நின்னு அளங்க. அப்புறம் ஒவ்வொரு தூண் வரிசையா உள்ள போங்க. எழுதிக்கிட்டே போங்க" என்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் படியில் உட்கார்ந்துகொண்டார்.

ஐ.எஸ்.ஓ. 100-ல் வைத்துக்கொண்டேன். முற்றத்து வெயிலில் எஃப் 16, நொடியில் 125-ல் ஒரு பங்கு. சுத்தமான வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஒட்டி என்று பழைய பிலிம் டப்பாக்களில் அச்சிட்டிருந்த கணக்குத்தான், மதுரையிலும் மாறவில்லை. நிழலுக்குள் முதல் தூணைத் தாண்டியதும் அதே வேகத்துக்கு எஃப் 5.6. இன்னும் இரண்டு வரிசை உள்ளே போனால் எஃப் 2. மேற்கே ஸ்வர்க்க விலாசம் என்ற மண்டபத்தின் பின்பக்க மூலை ஒன்றில், சுவர் இரண்டும் சேரும் இடத்தில், எஃப் 2-லேயே வேகம் எட்டில் ஒரு பங்காக இறங்கியிருந்தது.

நோட்டில் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். எஃப் 16-லிருந்து எஃப் 2 வரை ஆறு படி. 125-லிருந்து 8 வரை நாலு படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகிறது. பத்து படி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. முற்றத்து வெயிலில் ஆயிரம் பங்கு இருந்தது என்றால் அந்த மூலையில் ஒரு பங்குதான் இருக்கிறது. நடந்த தூரம் ஒரு சின்னத் தெருவின் நீளம்கூட இல்லை. கண்ணுக்கு அது 'கொஞ்சம் இருட்டு', அவ்வளவுதான். கண்மணி சுருங்கி விரிவது ஒரு பங்கு, விழித்திரை தன்னைச் சரிசெய்துகொள்வது பெரும்பங்கு. இரண்டும் சேர்ந்து இந்த ஆயிரம் மடங்கை நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன. வெளிச்சம் எவ்வளவு என்ற கேள்விக்குக் கண்ணைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. எங்கிருந்து வருகிறது, எதில் பட்டு வருகிறது என்ற கேள்விக்குக் கண்ணைவிட நல்ல சாட்சி இல்லை. மீட்டரையும் கண்ணையும் எதெதற்கு நம்புவது என்று அந்த மூலையில் நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

இதே அரண்மனையை 1858-ல் லின்னேயஸ் டிரைப் படமெடுத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி, சென்னை அரசாங்கத்துக்குப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மெழுகு தோய்த்த காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸ் திறந்திருக்க வேண்டும். நேப்பியர் கை வைப்பதற்கு முந்தைய நிலையில், இடிந்த சுவரும் செடியுமாக மகாலை அந்தப் படங்களில் பார்க்கலாம். ஆள் நடமாட்டம் தெரியாது, நடந்தவர்கள் காகிதத்தில் பதியும் முன்பே போய்விட்டார்கள். சூரியனைத் தவிர அவரிடம் வேறு விளக்கு கிடையாது. ஆனாலும் தூணின் உருட்சி அதில் துல்லியமாக விழுந்திருக்கிறது. 1995-ல் வந்த 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டும் இங்கே எடுத்ததுதான். அன்று வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பாட்டைச் சொல்லித்தான் தூண்களுக்கு நடுவே நின்று செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைப்பின் பெயரை அங்கே யாரும் சொல்லக் கேட்கவில்லை. அவர் படங்களில் ஒன்றையாவது பெரிதாக அச்சிட்டு வாசலில் வைத்தால், உள்ளே போகிறவர்கள் தூணைக் கீறுவதற்கு முன் ஒருகணம் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்வர்க்க விலாசத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் குவிமாடம். எழுபது அடிக்கு மேல் உயரம். நாலு மூலைகளை வெட்டி எண்கோணமாக்கி, அதன் மேல் சாளர வரிசை வைத்து, அதற்கும் மேல் வட்டமாக்கியிருக்கிறார்கள். ஆகவே வெளிச்சம் இரண்டு வழியாக வருகிறது. கிழக்கே முற்றத்திலிருந்து படுக்கையாக ஒன்று, சாளரங்களிலிருந்து மேலாக ஒன்று. முஷ்டியை நீட்டிச் சுற்றினேன். முற்றத்தைப் பார்த்து நின்றால் கணுக்களில் நிழலே இல்லை. முதுகைக் காட்டி நின்றால் மேல் வெளிச்சம் மட்டும் மிஞ்சி, கணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஒரு குடும்பம் வந்தது. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, பட்டுப் பாவாடை, குவிமாடத்துக்கு நேர் கீழே வந்ததும் கையை விரித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். ஐ.எஸ்.ஓ.வுக்குப் பெரியவர் முன்பே ஒரு எல்லை வைத்திருந்தார்: "எண்ணூறைத் தாண்டாதீங்க. தாண்டினா படம் பூரா மண்ணு." நானூறு பிலிமை இழுத்து எண்ணூறில் கழுவி, கல்யாண வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கியவர் அவர். அவர் காலத்துக்கு அது சரியான எல்லை. ஆனால் அவள் சுற்றிச் சுற்றி இருட்டு மூலைக்கே போய்விட்டாள். எஃப் 2, எண்ணூறு என்றால் வேகம் அறுபதில் ஒரு பங்குதான் கிடைக்கும். பாவாடை கலங்கலாம், முகம் கலங்கக் கூடாது. 3200-க்கு ஏற்றி, 250-ல் ஒரு பங்கில் எடுத்தேன். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு முடித்த நொடியில் பொத்தானை அழுத்தினேன். இதுவும் அவர் சொன்னதுதான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது இருட்டுப் பகுதியில் பொடி இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. "பிரிண்ட்டுல பாப்போம்" என்றார் பெரியவர், ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும்.

பதினொன்றரை ஆனதும் அவர் எழுந்துவிட்டார். "போதும் தம்பி. உச்சி வெயில்ல கேமராவைத் தொறக்கக் கூடாது. நாலு மணிக்கு மேல வருவோம்." சீட்டு கிழிப்பவரும் அதையேதான் சொன்னார். சினிமாக்காரர்கள்கூட இந்த நேரத்தில் குடைக்கடியில் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். நான் படித்த புத்தகங்களும் விடியலுக்குப் பின் ஒரு மணி, அந்திக்கு முன் ஒரு மணி என்றே சொல்கின்றன. எனக்குப் போக மனமில்லை. ஆவணி நடுவில் மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும் நாட்கள் இவை. நேர் மேலிருந்து விழும் வெயில் இந்த முற்றத்தை என்ன செய்கிறது என்று பார்க்காமல் எப்படிப் போவது? "ஒரு மணி நேரம் மட்டும் அண்ணே" என்று கேட்டு உட்கார வைத்தேன்.

பன்னிரண்டேகால் வாக்கில் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். என் நிழல் என் செருப்புக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. தரை காலைச் சுட்டது. நடுமுற்றத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்களைப் பார்த்தேன். புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. அந்த இடத்தைப் பொறுத்தவரை பெரியவர் சொன்னது அப்படியே உண்மை.

ஆனால் வெயிலைவிட்டு மூன்றே எட்டு நகர்ந்து, வடக்குத் தாழ்வாரத்தின் முதல் தூணுக்கு உள்பக்கம் நின்றால் கதை வேறு. காலையில் கட்டடத்தின் நிழல் முற்றத்தின் கிழக்குப் பகுதியை மூடியிருந்தது. இப்போது சுவரோரம்வரை மொத்தத் தரையும் வெயிலில் கிடக்கிறது. வெளுத்த தரையும் வெளிர் மஞ்சள் தூண்களும் அத்தனை வெயிலையும் வாங்கித் தாழ்வாரத்துக்குள் திருப்பி அனுப்புகின்றன. மீட்டரை வைத்தேன். காலையில் எஃப் 5.6 காட்டிய இடத்தில் இப்போது எஃப் 8. ஒரு படி கூடியிருக்கிறது. அளவைவிடத் திசைதான் முக்கியம். இந்த வெளிச்சம் கீழிருந்தும் எதிரிலிருந்தும் வருகிறது, தலைக்கு மேலே தளம் மறைத்திருக்கிறது. கண்குழிக்குள் வெளிச்சம் நுழைகிறது. தாடைக்கு அடியில் நிழல் இல்லை. வளைவுகளின் உள்பக்கத்தில், காலையில் மொத்தமாக இருண்டு கிடந்த சுதை வேலைப்பாடு முழுக்கத் துலங்கியது. இலையின் நரம்புகூடத் தெரிந்தது.

அதே கல்லூரிப் பையன்களை நிழலுக்கு அழைத்தேன். முற்றத்தைப் பார்த்து ஒருவன், தூணுக்குப் பக்கவாட்டில் ஒருவன். எதிர்வெயில் பட்டுக் கருவிழியில் முற்றத்தின் வளைவுகள் சின்னதாகப் பிரதிபலித்தன. திரையைக் காட்டியதும், "அண்ணே, ஃபில்டரா?" என்றான் ஒருவன். இல்லை, நீ மூன்று எட்டு நகர்ந்திருக்கிறாய் என்றேன்.

சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956-ல் 'அபராஜிதோ' படத்துக்குக் காசி வீடு ஒன்றை ஸ்டுடியோவில் செட் போட வேண்டியிருந்தபோது செய்ததும் இதுதான். காசியின் பழைய வீடுகளில் முற்றத்து வானம் வழியாக இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை அவர் பார்த்திருந்தார். ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் அது வராது. செட்டின் தலைக்கு மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, பட்டுத் திரும்புவதை மட்டும் நடிகர்கள் மேல் விழவிட்டார். இங்கே துணி இல்லை, தரை இருக்கிறது. மேலிருந்து வருவதற்குப் பதில் கீழிருந்து வருகிறது. நாயக்கர் கால மேஸ்திரிகளும் இந்த வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுத்தான் வளைவுகளின் அடிப்பக்கத்தில் இத்தனை சுதை வேலை செய்தார்களா என்று கேட்டால் என்னிடம் ஆதாரம் இல்லை. பன்னிரண்டேகாலுக்கு அங்கே நிற்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்காது.

பெரியவர் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து, தூணுக்கு உள்ளே தானே போய் நின்று முஷ்டியை நீட்டிச் சுற்றினார். "எங்க கடை ரோட்டு மேல, தம்பி. முத்தம் கெடையாது. உச்சி நேரம்னா ஷட்டரை இறக்கிட்டுத் தூங்கிருவோம்" என்றார்.

சாப்பாடு தெற்கு மாசி வீதிப் பக்கம், அளவுச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய், கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது. மூன்று மணிக்கு மகாலைச் சுற்றியிருக்கும் தெரு ஒன்றுக்குள் நுழைந்தோம். நாயக்கர் காலத்தில் நெசவுக்காகக் குடியேறிய சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்கள். திண்ணைகளில் சௌராஷ்டிர மொழிப் பேச்சு கேட்டது. சாயத் தண்ணீரின் வாடை ஒரு திருப்பத்தில் வந்து அடுத்ததில் மறைந்தது. பெரியவருக்குத் தெரிந்த வீடு. எழுபது தாண்டிய அம்மா ஒருவர் ஜன்னலோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். துணியை நகக்கண்ணில் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி அடுத்ததற்குப் போகிறார். சாயம் தோய்த்த பின் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில். கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலானது இப்போது மெழுகு அச்சு. கை முடிச்சு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

"வாங்க தம்பி, லைட்டைப் போடவா?" என்று எழப்போனார். "வேணாம்மா, நீங்க உக்காந்திருக்கிறபடியே இருங்க" என்றேன். முடிச்சு வேலைக்கு ஏற்ற இடத்தை அவரே பல வருடமாகத் தேர்ந்து வைத்திருக்கிறார். இடது தோளுக்கு ஜன்னல், நிழல் வலது பக்கம், கை மறைக்காத கோணம். எந்தப் படக்காரரும் அதற்கு மேல் திருத்த முடியாது. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் சொக்கலிங்க பாகவதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பெரியவர் நினைவுபடுத்தினார். 1988-ல் வந்த படம். வீட்டுக்குள் வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டுமோ அங்கிருந்து மட்டுமே வரும் என்றார்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர், வெள்ளையடித்தது. கேமராவை முழு ஃப்ரேமையும் அளக்கவிட்டால் அந்தச் சுவரையும் மடியில் கிடக்கும் வெள்ளைத் துணியையும் பார்த்து ஏமாந்து, முகத்தை இருட்டாக்கிவிடும். எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது மீட்டரின் சுபாவம். அதனால் முகத்தை மட்டும் புள்ளி அளவையில் அளந்தேன். நான் படித்த பாடம், தோலை அளந்தால் ஒரு படி கூட்டு என்கிறது. கூட்டி ஒன்று எடுத்தேன், கூட்டாமல் ஒன்று எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 2.8, 125-ல் ஒரு பங்கு. இது கூட்டாதது. இதில்தான் அம்மாவின் முகம் எனக்கு எதிரில் இருந்தபடி இருந்தது. நெற்றியின் பளபளப்பு, மூக்குத்திக் கல்லின் ஒரு பொட்டு, கன்னத்துச் சுருக்கங்களின் ஆழம் எல்லாம் இருந்தன. கூட்டியதில் நெற்றி வெளிறி, அவரைவிட இரண்டு நிறம் வெளுத்த வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பாடம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. அவர்கள் தோல் நடுச் சாம்பலைவிட ஒரு படி வெளுப்பு, கூட்டுவது பொருந்தும். நம்மில் பலரின் மாநிறமும் கறுப்பும் நடுச் சாம்பலுக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கிறது. கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் பல காலம் அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்ததும் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த முகம் சரியாக வந்தால் மிஷின் சரி என்று அர்த்தம். அந்த அளவுகோலில்தான் நம் வீட்டு ஆல்பங்கள் எத்தனையோ அச்சாகியிருக்கின்றன. இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அட்டை எங்க லேப்லயும் இருந்துச்சு. எவ முகம்னு யாரு கேட்டா?" என்றார்.

ஐந்து மணிக்கு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பிரிண்ட் கடைக்குப் போனோம். எட்டுக்குப் பன்னிரண்டு அளவு, ஒன்று எழுபது ரூபாய். 3200-ல் எடுத்த குழந்தை படமும் அம்மாவின் படமும் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி குழந்தை படத்தைத் திரையில் பெரிதாக்கி, "நாய்ஸ் இருக்குண்ணே, நல்லா வராது" என்றார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். அச்சாகி வந்ததைப் பெரியவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி, மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பொடி தெரியவில்லை. கை நீட்டும் தூரத்தில் மட்டுமல்ல, அந்தத் தூரத்திலும் தெரியவில்லை. "சரி, எண்ணூறை விட்டுரலாம்" என்றார்.

அம்மாவின் படம் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஃபைலில் அப்படி இல்லை. கேட்டதற்கு, "எல்லா ஃபேஸுக்கும் கொஞ்சம் பிரைட் ஏத்தித்தாண்ணே போடுவோம், இல்லாட்டி கஸ்டமர் திருப்பிக் கொண்டாந்துருவாங்க" என்றார் அந்தத் தம்பி. ஏற்றாமல் ஒன்று போடச் சொன்னேன். இன்னும் எழுபது ரூபாய் ஆகும் என்றார், கொடுத்தேன். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவரும் எழுந்து வந்து பார்த்தார். இரண்டாவதில் கண்ணுக்குக் கீழே சுருக்கம் எண்ணும்படி இருந்தது, முடிச்சு போடும் விரலின் நகக்கண்ணில் சாயக்கறை தெரிந்தது. "இது நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. வெளுத்ததை அவரிடமே விட்டுவிட்டு, மற்றதை உறையில் போட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை அந்தப் பக்கம் போகும்போது அம்மாவிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.